நிழற்பட மென்பொருள்: இன்று கொள்ளலும் புதுப்பதிப்புக்குக் காத்திருத்தலும்

திருக்குறட் பொருட்பாலில் வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்னும் அதிகாரங்கள் மூன்றும் அடுத்தடுத்து நிற்கின்றன. அரசனை நோக்கிக் கூறப்பட்டனவாயினும், இவை வணிகனுக்கும் தொழில்வினைஞனுக்கும் பொருந்தாமற் போவதில்லை. காலமறிதலிலே வள்ளுவர் கொக்கினை உவமையாக எடுத்தாண்டார். ஒடுங்கியிருத்தலையும் விரைந்து குத்துதலையும் அவ்வொரு பறவையிடமே கற்கலாம் என்பது அவர் கருத்து. எனினும் கொக்குக்கு ஒரு வசதி உண்டு. அது எதிர்பார்க்கும் மீன் அதே நீரில் எங்கோ நீந்திக்கொண்டிருக்கிறது. கணினி மென்பொருளின் அடுத்த பதிப்பை எதிர்பார்த்திருப்பவனுக்கோ மீன் இன்னும் பிறக்கவேயில்லை.

கொழும்பு வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும், மக்கள் ஸ்ரூடியோ என வழங்கும் நிழற்பட நிலையங்களை நடத்துவோர் இந்த ஐயத்துக்கு ஆளாகாதிருத்தல் அரிது. கைவசமுள்ள மென்பொருள் பழையது. புதியதன் விலை சிறிதன்று. சில திங்களில் அதனினும் சிறந்தது வெளிவரும் என்னும் செய்தியும் காதில் விழுகிறது. இன்று வாங்குவதா, பொறுத்திருப்பதா? இதற்கு விடை காண்போர் மென்பொருள் நிறுவனத்தின் அறிவித்தலை ஆராய்வதற்கு முன்னர், நிலையத்துக்கு வந்துசேரும் வேலையின் இயல்பையும் அவ்வேலைக்குக் குறிக்கப்பட்ட நாளையும் ஆராய்தல் வேண்டும்.

அவ்வேலைகளுள் கல்வெட்டு ஒன்றாகும். ஒருவர் இறந்த 31ஆம் நாளில் நிகழும் அந்தியேட்டிக் கிரியையையொட்டி, அவருடைய படம், வாழ்க்கைக் குறிப்பு, திருமுறைப் பாடல்கள், இரங்கற் செய்யுட்கள் என்பவற்றைத் தொகுத்து அச்சிடும் நினைவு நூலையே ஈழத்துத் தமிழர் கல்வெட்டு என்பர். அதன் முகப்பில் இறந்தவரின் படம் இருந்தே ஆகவேண்டும். ஆனால் 1983 ஜூலை வன்செயலிலும், பின்னர் நேர்ந்த இடப்பெயர்வுகளிலும் எத்தனையோ குடும்பங்களின் நிழற்படத் தொகுதிகள் அழிந்தொழிந்தன. ஆதலின் சில வீடுகளில் எஞ்சியிருப்பது ஒரு கடவுச்சீட்டுப் படம், அல்லது அடையாள அட்டையில் மங்கிக் கிடக்கும் சிறு முகம் மாத்திரமே. அதனை வருடியிலிட்டுக் கணினிக்குள் எடுத்து, கீறலையும் முத்திரைத் தடத்தையும் நீக்கி, பக்க அளவுக்குப் பெருப்பித்துக் கொடுத்தல் நிலையத்தாரின் பொறுப்பு. அச்சகத்துக்கு ஒரு கிழமையை ஒதுக்கிவிட்டால் அவர்களுக்கு எஞ்சுவன சில நாட்களே. அந்தியேட்டியை எவரும் ஒத்திவையார். இத்தகைய வேலையைக் கையில் வைத்துக்கொண்டு அடுத்த ஆண்டுப் பதிப்பை எதிர்நோக்குதல் பொருளற்றது. கீறலைச் சுற்றுப்புறத்தோடு இசையச் செப்பனிடும் தூரிகை, போட்டோஷொப்பின் 7ஆம் பதிப்பிலேயே, அதாவது 2002இலேயே, வந்துவிட்டது என்பதும் ஈண்டு நினைக்கத்தக்கது.

காத்திருத்தல் எக்காலத்தும் தவறு என்று இதனாற் பெறப்படாது. தோமஸ் நோல், ஜோன் நோல் என்னும் சகோதரர் 1987இல் தொடங்கிய ஆக்கமே போட்டோஷொப். அடோபி நிறுவனம் அதன் முதற்பதிப்பை 1990 பெப்ரவரியில் வெளியிட்டது. 1994இல் வந்த 3ஆம் பதிப்பு அடுக்கு என்னும் முறையைப் புகுத்திற்று. அதற்கு முன்னர் ஒரு படத்தின்மீது மற்றொன்றைப் பதித்தால் இரண்டும் ஒன்றாகிவிடும். பின்னர் பிரித்தெடுத்தல் இயலாது. அடுக்கு வந்தபின், ரொறன்ரோவிலுள்ள மகனின் உருவத்தைக் கொழும்பிலெடுத்த குடும்பப் படத்தில் பெற்றோர் அருகே நிறுத்தி, பிடிக்காவிடின் இடம் மாற்றி நிறுத்துவதும் எளிதாயிற்று. அத்தகைய மாற்றத்துக்காகச் சில திங்கள் பொறுத்தவர் இழந்தது சிறிது, பெற்றது பெரிது. ஆயின் அதற்கு ஒப்பான மாற்றம் எல்லாப் பதிப்புகளிலும் வருவதில்லை.

வருமென அறிவிக்கப்படும் பொருள், விற்பவனையும் வருத்தும் என்பதற்கு ஒரு பழங்கதை உண்டு. ரமண மகரிஷியைப் பற்றி நூல்கள் எழுதிய ஆதர் ஒஸ்போர்னின் மகன் அடம் ஒஸ்போர்ன், திருவண்ணாமலையில் இளமையைக் கழித்தவர். தமிழ்நாட்டில் வளர்ந்த அச்சிறுவன் பின்னர் அமெரிக்காவிற் கணினித் தொழிலதிபரானார். 1981இல் அவர் வெளியிட்ட ஒஸ்போர்ன் 1, கையிற் காவிச் செல்லத்தக்க கணினி எனப் பேரெடுத்தது. நிறை சுமார் 11 கிலோகிராம்! 1983இல் அதனினும் சிறந்த கணினி வரப்போகிறது என்னும் செய்தி முந்திக்கொண்டது. மக்கள் பழையதை வாங்காது நின்றனர். அவ்வாண்டு செப்டெம்பரில் நிறுவனம் நொடித்தது. வீழ்ச்சிக்குப் போட்டியாளரும் நிருவாகக் குறைகளுமே காரணம் என மறுத்துரைப்பாரும் உளர். எனினும், முன்கூட்டிய அறிவித்தலால் விற்பனை தளர்வதை இன்றும் ஒஸ்போர்ன் விளைவு என்றே வழங்குகின்றனர்.

இவ்வையத்தின் உருவமே 2013இல் மாறியது. அவ்வாண்டு மே மாதத்தில் அடோபி, இனிவரும் பதிப்புகளைச் சந்தா முறையிலன்றி விற்பதில்லை என அறிவித்தது. 2012இல் வெளியான சி.எஸ். 6 பதிப்பே ஒருமுறை பணங்கொடுத்து என்றும் வைத்திருக்கத்தக்க இறுதிப் போட்டோஷொப் ஆயிற்று. அதன் விற்பனையும் 2017இல் நின்றது. சந்தா கட்டுவோனுக்குப் புதுப்பதிப்பு தானே வந்துசேரும். ஆகவே காத்திருப்பதற்கு அவனுக்கு எதுவுமில்லை. சந்தாவை நிறுத்தினால் மென்பொருள் கையைவிட்டுப் போகும். முன்னையது நிலம் வாங்குதலை ஒத்தது, பின்னையது குத்தகை. எத்தனை திங்களுக்கு வேலை உண்டு என்று எண்ணிப் பார்த்தலே குத்தகைக்காரனுக்கு அழகு. திருமணமும் சாமத்தியச் சடங்கும் மலியும் திங்களுக்கும், நிலையம் வெறிச்சோடிக் கிடக்கும் மார்கழிக்கும் வேறுபாடு உண்டன்றோ?

பழைய பதிப்பையே போற்றி வைத்திருப்போரை இரண்டு காரணங்கள் அசைத்துவிடும். ஒன்று, புதிய கமெரா. கமெராக்கள் தரும் பதனிடாத மூலக் கோப்பு வகைக்கு வகை வேறுபடும்; 2015க்குப் பின் வந்த கமெராக்களின் கோப்புகளைச் சி.எஸ். 6 நேரே திறவாது. அடோபி இலவசமாகத் தரும் டி.என்.ஜி. மாற்றியினால் அவற்றை மாற்றித் திறக்கலாம். ஐந்நூறு படமுள்ள திருமணத்துக்கு அது சிறிது தொல்லையே. ஆயினும் பணஞ் செலவழிக்கும் அளவுக்குப் பெருந்தொல்லை அன்று.

மற்றையது தமிழெழுத்து. இதுவே கூடுதலாகக் கவனிக்கற்பாலது. விளம்பரங்களில் இடம்பெறாததும் இதுவே. ஒருங்குறியில் கொ என்னும் எழுத்து, ககர மெய்யேறிய வடிவமும் ஒகரக் குறியும் சேர்ந்த தொடராகச் சேமிக்கப்படும். அதனைத் திரையில் வரையும்போது கொம்பை ககரத்தின் முன்னும் காலைப் பின்னும் நிறுத்துதல் மென்பொருளின் கடன். அக்கடனை அறியாத பழைய பதிப்புகளிற் கொம்பு இடம்மாறிப் பின்னே ஒட்டிக்கொள்ளும். இதற்கு அஞ்சியே இலங்கை நிலையத்தாரும் அச்சகத்தாரும் பாமினி போன்ற பழைய எழுத்துருக்களை விடாது பற்றியிருந்தனர். அவற்றிற் கொம்பை முதலிலே தட்டிவிடலாம்; எம்மென்பொருளிலும் பிழையாது. ஆயின் வெளிநாட்டு உறவினர் கைப்பேசியிலிருந்து அனுப்பும் இரங்கற்பா ஒருங்குறியில் வருகிறது. பாமினியில் ஒட்டினால் அது உருச்சிதையும். மாற்றிக்கொண்டாலும் ஒற்றுக்கள் சிதைந்தனவா என்று வரிவரியாகப் பார்த்தல் வேண்டும். இறந்தவரின் பெயரிலே எழுத்துப் பிழைத்தால் எத்தகைய தூரிகையும் அதனை ஈடுசெய்யாது. வாங்குமுன் மென்பொருளைச் சோதிக்க விரும்புவோர் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை என்னும் ஊர்ப்பெயர்கள் இரண்டையும் தட்டிப் பார்த்தல் நன்று. முன்னொட்டும் கொம்புகளும் ஐகாரக் குறிகளும் அவ்விரண்டிலும் நிறைந்திருக்கின்றன. அவை சரிவர நின்றால் ஏனைய பெரும்பாலும் நிற்கும். பரீட்சைக்காகச் சில நாட்கள் இலவசமாய் வழங்கப்படும் பிரதியே இதற்குப் போதும்.

செயற்கை நுண்ணறிவின் வரவு மீண்டும் பலரைக் காத்திருக்க வைத்துள்ளது. 2023இல் போட்டோஷொப் பெற்ற ஆக்கநிரப்பல் என்னும் வசதி, இல்லாத பகுதியைத் தானே புனைந்து நிரப்பும். பின்னணிச் சுவருக்கு அது மிகப் பொருந்தும். கறையால் அழிந்த பாதி முகத்தை அதனிடம் ஒப்படைத்தல் வேறு. அது தருவது அம்முகத்தை ஒத்த பிறிதொரு முகம். இறந்தவரை அறிந்த மகள் அதனை ஏற்பாளா என்பது வேறோர் ஆராய்ச்சிக்குரியது.

விலையைக் கணிப்போர் நாணயமாற்றை மறத்தலாகாது. 2022 மார்ச் தொடக்கத்தில் ஒரு டொலருக்கு 200 ரூபாவையொட்டி நின்ற விகிதம், அவ்வாண்டு மே மாதத்தில் 360ஐ அணுகிற்று. பத்து டொலர்ச் சந்தா 2,000 ரூபாவிலிருந்து 3,600 ரூபாவாயிற்று. எந்தப் புதுப்பதிப்பும் அந்த வேறுபாட்டைத் திருப்பித் தந்திராது. களவுப் பிரதியை நாடுவோர்க்கு, 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் கணினி நிரல்களையும் காக்கிறது என்பதை நினைவூட்டுதல் போதும்.

பணமின்றியும் வழியுண்டு. கிம்ப் என்னும் கட்டற்ற மென்பொருளின் 2.10 பதிப்பு 2018இலும் 3.0 பதிப்பு 2025 மார்ச்சிலும் வந்தன. இடையிற் சென்றவை ஏறத்தாழ ஏழு ஆண்டுகள். மூலப்படத்தைக் கெடுக்காது வடிப்பான்களைப் பின்னரும் திருத்தும் வசதி அதில் வரும் என்று வேலையை நிறுத்தியவர் ஏழாண்டுத் திருமணங்களை இழந்திருப்பார். அஃபினிட்டி போட்டோவின் கதை மறுதலையானது. 2015இல் ஒருமுறை விலைக்கு விற்பனையாகத் தொடங்கி, 2022 நவம்பரில் இரண்டாம் பதிப்புக்கு மீண்டும் விலை கேட்டது. 2024இல் கன்வா நிறுவனத்தின் கைக்கு மாறி, 2025 ஒக்டோபரில் இலவசமாயிற்று. 2022இல் விலைகொடுத்தவர் ஏமாந்தாரா எனின், அம்மூன்றாண்டுகளில் அவர் முடித்துக்கொடுத்த தொகுதிகளையும் கல்வெட்டுகளையும் முதலில் எண்ணவேண்டும். அவற்றை ஒரு மென்பொருளின் கோப்பாக மாத்திரமன்றி, எதனிலும் திறக்கத்தக்க டிஃப் வடிவிலும் ஒரு பிரதி வைத்திருந்தாராயின், அடுத்து எம்மென்பொருளுக்கு மாறினாலும் அப்படங்கள் அவர் கைவசமே இருக்கும்.