காப்பைக் கழற்றினாலும் நிறுத்தும் பிடியைக் கட்டாதீர்கள்

1990 இல் கீரிமலை, மாவிட்டபுரம், காங்கேசன்துறைப் பகுதிகளை விட்டு வெளியேறிய கமக்காரக் குடும்பங்கள் தோட்டத்தையும் கிணற்றடி இயந்திரத்தையும் ஒன்றாகவே இழந்தன. காணிகள் கட்டங்கட்டமாக விடுபட்டபோது திரும்பியவர்களும், இன்றுவரை பிறர் காணியில் குத்தகைக்குப் பயிர் செய்பவர்களும், பழையதாக வாங்கிய, வாடகைக்கு எடுத்த அல்லது அயலவரிடம் இரவல் பெற்ற இயந்திரங்களையே பெரும்பாலும் கையாளுகின்றனர். கைமாறி வரும் இயந்திரத்தில் வார்ப்பட்டியின் மூடி எங்கோ தவறிப்போயிருக்கும். அதை எப்படி நிறுத்துவது என்பதையும் யாரும் சொல்லித் தருவதில்லை.

மூடியைக் கழற்றியவரை ஏசிப் பயனில்லை. வார்ப்பட்டி தளர்ந்தால் இறுக்க வேண்டும், வைக்கோல் அடைத்தால் எடுக்க வேண்டும். காப்பை எதற்காக, எவ்வளவு நேரத்துக்கு விலக்குகிறோம், அந்த நேரத்தில் இயந்திரத்தை நிறுத்த எது மிஞ்சுகிறது என்பதே கேள்வி.

பெரிய தொழிற்சாலைகளில் இதற்கு ஒரு முறை உண்டு. இயந்திரத்தின் வாயில் ஒளிக்கதிர்த் திரை ஒன்று இருக்கும். கை குறுக்கிட்டால் இயந்திரம் நின்றுவிடும். ஆனால் பொதி உள்ளே போகவும் வேண்டுமே! பொதி கடக்கும் சில விநாடிகளுக்கு மட்டும் அந்தத் திரை தானாக ஓய்ந்திருந்து, பிறகு மீண்டும் காவலுக்கு வரும். அந்த விநாடிகளிலும் சிவப்பு அவசர நிறுத்தப் பொத்தான் வேலை செய்தபடியே இருக்க வேண்டும் என்பது சர்வதேச நியமம்.

எமது தோட்டங்களில் நடப்பது பல இடங்களில் இதற்கு நேர்மாறு. கையால் பிடித்து ஓட்டும் சிறிய களைகொத்தும் இயந்திரத்தைப் பாருங்கள். பிடியை விட்டால் கத்திகள் நிற்கும். கை நோகிறதென்று ரியூப் துண்டால் அந்தப் பிடியைக் கட்டிவிட்டால், கால் தடுக்கி விழுபவரின் மேலும் கத்தி ஓடும். இங்கே காப்பும் நிறுத்தும் பிடியும் ஒன்றே. அதை ஒரு நிமிடத்துக்கும் கட்டக்கூடாது.

மின் மோட்டாரின் ஸ்டார்ட்டர் பெட்டியும் அப்படித்தான். மின்சாரம் போனால் உள்ளேயுள்ள காந்தச் சுருள் விடுபடும். மின்சாரம் வந்தாலும், பச்சைப் பொத்தானை மீண்டும் அழுத்தினால்தான் மோட்டார் ஓடும். இரவில் எழுந்து போக அலுப்பென்று பச்சைப் பொத்தானில் தீக்குச்சியைச் செருகுபவர்கள் உண்டு. அதன்பின் சிவப்புப் பொத்தானை அழுத்தினாலும், கையெடுத்ததும் பெரும்பாலும் மோட்டார் மறுபடி ஓடத் தொடங்கும். மின்வெட்டு நேரத்தில் பம்பைக் கழற்றிக்கொண்டிருப்பவரின் விரல் என்னவாகும்? மழைக்கு அடிக்கடி விழுகிறதென்று ட்ரிப் சுவிச்சைத் தவிர்த்துக் கம்பி இணைப்பது அதைவிட மோசம். அது விழுவதற்குக் காரணம் எங்கோ மின் கசிவதே. ஈரக் கிணற்றடியில் அது உயிர்ப் பிரச்சினை.

சூடடிக்கும் இயந்திரத்தின் கதை இந்தியாவில் சட்டம் வரை போயிற்று. பஞ்சாப், அரியானாப் பகுதிகளில் பலர் அதில் கையை இழந்தபின், 1983 இல் ஆபத்தான இயந்திரங்களை ஒழுங்குபடுத்தும் சட்டம் வந்தது. கதிர் செலுத்தும் தட்டு குறைந்தது 90 சென்ரிமீற்றர் நீளமாகவும், அதில் 45 சென்ரிமீற்றர் மூடியதாகவும் இருக்க வேண்டும் என்பது அந்நாட்டு நியமம். கை உருளையை எட்டாதிருக்கவே இந்த நீளம். இலங்கையில் 1942 ஆம் ஆண்டின் 45 ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் ஆபத்தான பாகங்களுக்கு வேலி கேட்கிறது. ஆனால் அது தொழிற்சாலைகளுக்கானது. எங்கள் கிணற்றடியில் நாங்களே பரிசோதகர்.

ஆகவே மூடியைக் கழற்றுமுன் நிறுத்திப் பாருங்கள். இயந்திரத்தை வெறுமையாக ஓடவிட்டு நிறுத்தி, உருளை முற்றாக நிற்கும்வரை எண்ணுங்கள். எஞ்சின் நின்றபின்னும் உருளை சுழன்றுகொண்டிருக்கும். அடைப்பை எடுப்பதென்றால் எஞ்சினை நிறுத்தி, திறப்பையோ சுழற்றும் பிடியையோ கைவைப்பவரே தம்மிடம் வைத்துக்கொள்ள வேண்டும். மின் மோட்டாராயின் பிரதான ஆளியை அணைத்துப் பூட்ட வேண்டும்.

பட்டி நேராக ஓடுகிறதா என்று பார்ப்பது போன்ற சில வேலைகளுக்கு மட்டும் இயந்திரம் ஓடவே வேண்டும். அப்போது வேகத்தைக் குறைத்து, பழகிய ஒருவர் கைவைக்காமல் எட்ட நின்று பார்க்கட்டும். இன்னொருவர் நிறுத்தும் பிடியில் கைவைத்தபடி நிற்கட்டும். அவருக்கு வேறு வேலை கொடுக்க வேண்டாம், பிள்ளையைப் பார்க்கும் வேலையும்கூட. சால்வை, தளர்ந்த சாரம், அவிழ்ந்த கூந்தல் அருகில் வரக்கூடாது. உழவு இயந்திரத்தோடு இணைத்துச் சூடடிக்கும்போதும் இதே ஒழுங்கு வேண்டும். கதிர் கொடுப்பவருக்கு நிறுத்தும் பிடி எட்டாது.

சீமெந்துத் தொழிற்சாலைகளில் கல் கொண்டுசெல்லும் நீண்ட பட்டிகளின் ஓரமாக ஒரு கயிறு ஓடும். எந்த இடத்தில் நின்று இழுத்தாலும் பட்டி நிற்கும். 1990 வரை காங்கேசன்துறைத் தொழிற்சாலையில் வேலை செய்த பெரியவர் எவரும் அயலில் இருந்தால் கேட்டுப் பாருங்கள், இவை பற்றி நிறையச் சொல்வார்.

தவறிப்போன மூடியைப் பழைய தகர பீப்பாவிலும் கம்பி வலையிலும் ஒட்டுவேலைக்காரரிடம் செய்விக்கலாம். வலைக்கண் விரல் நுழையாத அளவாக இருக்கட்டும். ஒரு பக்கத்தில் கீல் வைத்துச் செய்தால், திறக்கும்போது மூடி இயந்திரத்திலேயே தொங்கும், மறுபடி தவறிப்போகாது.