அரசு மாத்திரைக்கு ‘பவர்’ இல்லையா?

எடப்பாடி அரசு மருத்துவமனையில் சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாத்திரை இலவசம். ஆனாலும் நம் குடும்பங்களில் சிலர் அதை வாங்கி அலமாரியில் வைத்துவிட்டு, மெடிக்கலில் காசு கொடுத்து வேறு வாங்குகிறார்கள். ‘கவர்மென்ட் மாத்திரைக்கு பவர் கிடையாது’ என்ற பேச்சுதான் காரணம். தறியில் வேலை குறைந்த மாதத்தில் கடை மாத்திரையும் நின்றுபோகிறது. பிரஷர் மாத்திரையைத் திடீரென நிறுத்துவது பக்கவாதம் வரை கொண்டுபோகும்.

அந்த மாத்திரை எப்படி வருகிறது என்று தெரிந்தால் இந்தச் சந்தேகம் பெருமளவு தீரும். 1994-ல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம்தான் அரசு மருத்துவமனைகளுக்கு மருந்து வாங்குகிறது. கம்பெனி அனுப்பும் சரக்கு முதலில் மாவட்டக் கிடங்கில் நிற்கும். ஒவ்வொரு பேட்ச்சிலிருந்தும் மாதிரி எடுத்து, கம்பெனி பெயரை மறைத்து, வெறும் குறியீட்டு எண்ணோடு ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள். யாருடைய மருந்து என்று சோதிப்பவருக்கே தெரியாது. தேறினால்தான் மருத்துவமனைக்குப் போகும். தேறாத பேட்ச் நிராகரிக்கப்படும். தரமில்லாமல் அனுப்பும் கம்பெனியைக் கறுப்புப் பட்டியலில் சேர்ப்பதும் உண்டு. ராஜஸ்தான், கேரளா போன்ற மாநிலங்களும் இதே வழியில் கழகங்கள் அமைத்தன. மருந்து மூலப்பெயரில் வருவதால் அட்டை வேறு மாதிரி இருக்கும், அவ்வளவுதான்.

மருந்து சரியாக இருந்தால் மட்டும் சிகிச்சை சரியாகிவிடாது. ஏழை, நடுத்தர வருமான நாடுகளில் ஆண்டுக்குச் சுமார் 50 லட்சம் பேர், மருத்துவமனைக்குப் போயும் தரமற்ற சிகிச்சையால் இறக்கிறார்கள் என்று 2018-ல் லான்செட் ஆணையம் கணக்கிட்டது. சிகிச்சையே கிடைக்காமல் இறப்பவர்கள் 36 லட்சம். முதல் எண்ணிக்கைதான் பெரியது என்பதைக் கவனியுங்கள்.

இந்தியாவில் அரசு மருத்துவமனைகளுக்கென 2013-ல் தேசியத் தர உறுதித் திட்டம் வந்தது. சான்று பெறக் குறைந்தது 70 சதவீத மதிப்பெண் வேண்டும். மதிப்பிட வருபவர்கள் பதிவேடுகளோடு நிறுத்துவதில்லை, நோயாளிகளிடமும் கேட்பார்கள். அப்போது ‘எல்லாம் நல்லாத்தான் இருக்கு’ என்று ஒப்புக்குச் சொல்லிவிட்டு வருவதால் யாருக்கும் பயனில்லை.

நம் கண்ணில் பெரிய ஓட்டை, மருந்து கொடுக்கும் ஜன்னலில்தான் இருக்கிறது. கூட்டத்தில் வேகமாகச் சொல்வது வயதானவர்களுக்குப் புரிவதில்லை. எது காலை, எது இரவு, சாப்பாட்டுக்கு முன்பா பின்பா என்று கேட்டு, அட்டையிலேயே எழுதி வாங்குங்கள். மாத்திரை நிறம் மாறியோ, உடைந்தோ, தேதி முடிந்தோ இருந்தால் பேட்ச் எண்ணைக் குறித்துக்கொண்டு மருந்தாளுநரிடம் திருப்பிக் கொடுங்கள். அங்கே கவனிக்காவிட்டால் 104-க்கு அழைத்துப் புகார் சொல்லலாம்.