முக்குளிப்போருக்கு ஓர் அழுத்த அறை

சோடா புட்டியைத் திறந்ததும் குமிழிகள் பொங்கி எழுவதை நாம் அனைவரும் கண்டிருக்கிறோம். மூடியிருக்கும்வரை அழுத்தத்தின் பிடியில் நீரில் கரைந்திருந்த வாயு, அந்தப் பிடி தளர்ந்தவுடன் குமிழியாக வெளிப்படுகிறது. கடலின் ஆழத்திலிருந்து விரைந்து மேலே வரும் மனிதனின் இரத்தத்திலும் திசுக்களிலும் நிகழ்வது இதுவே. இதற்கு 'அழுத்தக் குறைப்பு நோய்' என்று பெயர். இந்த நோய்க்குரிய மருத்துவம் நூறாண்டுகளுக்கு முன்பே அறியப்பட்டுவிட்டது. ஆயினும், கடலடியில் உழைக்கும் எளிய மக்களுக்கு அது இன்றும் எட்டாக்கனியாகவே இருக்கிறது. இந்த இடைவெளியைப் பற்றியே இங்கு எழுத விரும்புகிறேன்.

கடல் மட்டத்தில் நம் உடல் மீது ஒரு வளிமண்டல அழுத்தம் செயல்படுகிறது. நீருக்குள் ஒவ்வொரு 10 மீட்டர் இறங்கும்போதும் இன்னொரு வளிமண்டல அளவு கூடுகிறது. 30 மீட்டர் ஆழத்தில் இருப்பவர், தரையில் இருப்பவரைவிட நான்கு மடங்கு அழுத்தத்தில் காற்றைச் சுவாசிக்கிறார். அந்தக் காற்றில் 78 விழுக்காடு நைட்ரஜன். உடல் அதைச் செலவழிப்பதில்லை. அழுத்தம் மிகும்போது அது கொழுப்பிலும் நரம்புத் திசுக்களிலும் கரைந்து தங்குகிறது. மெல்ல மேலே வந்தால் நுரையீரல் வழியாகத் தீங்கின்றி வெளியேறிவிடும். விரைந்து வந்தால் இருந்த இடத்திலேயே குமிழியாகிவிடும். மூட்டில் தோன்றும் குமிழி தாங்கொணா வலி தரும். தண்டுவடத்தில் தோன்றும் குமிழியோ கால்களை மரத்துப்போகச் செய்யும். சிறுநீர் பிரியாமல் தடுக்கும். உரிய மருத்துவம் கிடைக்காவிட்டால் வாழ்நாள் முழுவதும் முடமாக்கும். மூச்சை அடக்கியபடி மேலெழுந்தால் நுரையீரல் கிழிந்து, காற்று நேரே மூளையின் இரத்தக் குழாய்களை அடைக்கும் ஆபத்தும் உண்டு.

இந்த நோயை உலகம் முதலில் பரவலாகக் கண்டது பாலங்களுக்கும் சுரங்கப் பாதைகளுக்கும் அடித்தளம் தோண்டிய தொழிலாளர்களிடம்தான். ஆற்றுநீர் புகாதபடி அழுத்தக் காற்று நிரப்பிய அறைகளில் அவர்கள் வேலை செய்தார்கள். நியூயார்க்கின் புரூக்ளின் பாலத்தைக் கட்டிய தலைமைப் பொறியாளர் வாஷிங்டன் ரோப்ளிங் 1872-இல் இந்நோயால் முடங்கினார். குற்றவாளி நைட்ரஜன் குமிழியே என்பதை 1878-இல் பிரெஞ்சு அறிஞர் பால் பெர் விளக்கினார். அதன் பிறகு, ஹட்சன் ஆற்றின் அடியில் சுரங்கம் தோண்டும் பணியை மேற்பார்த்த பொறியாளர் எர்னஸ்ட் மோய்ர், நோயுற்ற தொழிலாளர்களை மீண்டும் அழுத்தத்துக்கு உள்ளாக்கி, பின்னர் மெல்ல மெல்ல அதைக் குறைக்கும் மருத்துவ அறையொன்றைப் பணியிடத்திலேயே நிறுவினார். இறப்புகள் வெகுவாகக் குறைந்தன. 'பணியிடத்திலேயே' என்ற சொல்லை வாசகர்கள் நினைவில் கொள்ள வேண்டுகிறேன்.

இன்றைய உயர் அழுத்த ஆக்சிஜன் சிகிச்சை, மோய்ரின் அந்த அறையின் வளர்ந்த வடிவமே. நோயாளியை அறைக்குள் படுக்கவைத்து, உள்ளழுத்தத்தை 2.8 வளிமண்டல அளவுக்கு, அதாவது 18 மீட்டர் ஆழத்தில் இருப்பதற்கு நிகராக உயர்த்துகிறார்கள். அவர் தூய ஆக்சிஜனைச் சுவாசிக்கிறார். இதனால் மூன்று நன்மைகள் விளைகின்றன. குமிழியின் பருமன் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகச் சுருங்குகிறது. சுவாசத்தில் நைட்ரஜனே இல்லாததால், குமிழியில் உள்ள நைட்ரஜன் விரைவாக வெளியேறுகிறது. இரத்த ஓட்டம் தடைப்பட்டு வாடும் திசுக்களுக்கு, குருதிநீரில் மிகுதியாகக் கரைந்த ஆக்சிஜன் சென்று சேர்கிறது. அமெரிக்கக் கடற்படை 1960-களில் வகுத்த 'ஆறாம் அட்டவணை' இன்றும் உலகெங்கும் பின்பற்றப்படுகிறது. அதன்படி ஒரு சிகிச்சைக்கு 4 மணி 45 நிமிடம் ஆகும்.

இங்கு ஒன்றைத் தெளிவாகச் சொல்லியாக வேண்டும். அழுத்த அறை என்பது வாங்கி நிறுவிவிட்டு நாடா வெட்டித் திறக்கும் கருவி மட்டுமன்று. அதிக அழுத்தத்தில் ஆக்சிஜனே நஞ்சாகி வலிப்பை உண்டாக்கக்கூடும். அதனால்தான் இடையிடையே சாதாரணக் காற்றைக் கொடுக்கிறார்கள். ஆக்சிஜன் செறிந்த இடத்தில் ஒரு தீப்பொறி போதும். 1997-இல் இத்தாலியின் மிலான் நகர மருத்துவமனை ஒன்றில் இத்தகைய அறை தீப்பற்றி 11 பேர் இறந்தனர். எனவே பயிற்சி பெற்ற மருத்துவர், அறையை இயக்குபவர், நோயாளியுடன் உள்ளே செல்லும் உதவியாளர், தடையில்லா ஆக்சிஜன், இடைவிடாத பராமரிப்பு ஆகிய அனைத்தும் சேர்ந்ததே இந்தச் சேவை. நள்ளிரவில் படகு கரை சேர்ந்தாலும் அது திறந்திருக்க வேண்டும்.

நடைமுறையோ வேறுவிதமாக இருக்கிறது. செல்வ நாடான அமெரிக்காவிலேயே, ஆறாத புண்களுக்குப் பகல்நேரத்தில் சிகிச்சை தரும் அழுத்த அறைகள் பெருகின. முக்குளிப்போரை எந்நேரமும் அவசர நிலையில் ஏற்கும் அறைகள் குறைந்தன. முன்கூட்டியே நேரம் குறித்து வரும் நோயாளிகளால் வருவாய் நிலையாகக் கிடைக்கிறது. என்றோ ஒருநாள் இரவில் வரும் முக்குளிப்பவருக்காக ஆட்களைக் காத்திருக்கச் செய்வது செலவு. இன்னொருபுறம், இளமை மீளும், மன இறுக்கம் தீரும் என்று மெய்ப்பிக்கப்படாத பயன்களைச் சொல்லி இந்தச் சிகிச்சையை விற்கும் நிலையங்களும் முளைத்துள்ளன. 2025 ஜனவரியில் மிச்சிகன் மாநிலத்தில் அத்தகைய நிலையம் ஒன்றின் அறை தீப்பற்றி 5 வயதுச் சிறுவன் உயிரிழந்தான். 1.3 வளிமண்டல அழுத்தமே தரும் மென்துணிக் கூடாரங்கள் அழுத்தக் குறைப்பு நோய்க்கு உதவவே மாட்டா.

சந்தையின் போக்கில் விட்டால் என்னவாகும் என்பதற்கு நடு அமெரிக்காவின் ஹோண்டுராஸ் நாடு சான்று. அங்குள்ள மொஸ்கிட்டியா கடற்கரையில் வாழும் மிஸ்கிட்டோ பழங்குடியினர் ஏற்றுமதிக்காகச் சிங்கி இறால் பிடிக்க முக்குளிக்கிறார்கள். முறையான பயிற்சி இல்லை, ஆழமானி இல்லை, ஒரே நாளில் பல உருளைகள் தீரும்வரை இறங்கி ஏறுகிறார்கள். அந்தக் கடற்கரையெங்கும் கால் விளங்காத இளைஞர்கள் பெருகினர். 2021 ஆகஸ்ட் 31 அன்று அமெரிக்க நாடுகளின் மனித உரிமை நீதிமன்றம், 42 பேர் தொடர்பான வழக்கில் ஹோண்டுராஸ் அரசின் பொறுப்பை உறுதி செய்தது. தனியார் நிறுவனங்கள் தொழிலாளரை எப்படி நடத்துகின்றன என்பதைக் கண்காணிக்கும் கடமை அரசுக்கு உண்டு என்பதே அத்தீர்ப்பின் சாரம். அதே நாட்டின் ரோவத்தான் தீவு, வெளிநாட்டுப் பயணிகள் பொழுதுபோக்காக முக்குளிக்கும் இடம். அங்கே அழுத்த அறை வசதி உண்டு. பிழைப்புக்காக மூழ்குபவரைவிட, மகிழ்வுக்காக மூழ்குபவருக்கே சிகிச்சை அருகில் இருக்கிறது.

இதை வேற்று நாட்டுக் கதை என்று நாம் கடந்துவிட முடியாது. மன்னார் வளைகுடாவில் முத்துக் குளித்தல் 1961-உடன் நின்றுவிட்டாலும், சங்கு குளித்தல் நிற்கவில்லை. முன்னோர் மூச்சடக்கி மூழ்கினர். இன்றோ படகிலுள்ள காற்றழுத்த இயந்திரத்திலிருந்து நீளும் குழாயைக் கவ்வியபடி நெடுநேரம் அடியில் இருக்க முடிகிறது. வருவாயுடன் ஆபத்தும் பெருகியது. கடற்படை அட்டவணைப்படி, 18 மீட்டர் ஆழத்தில் சுமார் ஒரு மணி நேரமும் 30 மீட்டரில் சுமார் 25 நிமிடமுமே இடைநிறுத்தமின்றி மேலே வரத்தக்க எல்லை. அதுவும் அன்றைய முதல் இறக்கத்துக்கு மட்டும். குழாயில் காற்று தீர்வதில்லை. எனவே எல்லையை உணர்த்தவும் எதுவுமில்லை. எதிர்க்கரையில், இலங்கையின் வடக்கே கடலட்டை பிடிக்கும் சுழியோடிகளின் நிலையும் இதுவே. அவர்களுக்கான அழுத்த அறை தீவின் மறுகரையில், திருகோணமலைக் கடற்படைத் தளத்தில் உள்ளது.

கடற்கரை ஊர்களில் பணியாற்றிய மருத்துவன் என்ற முறையில் ஒன்றைச் சொல்ல முடியும். அறையின் தொலைவு ஒரு தடை என்றால், அறியாமை அதனினும் பெரிய தடை. கால் மரத்துப்போய் வருபவரிடம் 'இன்று கடலில் மூழ்கினீர்களா?' என்று கேட்கப்படுவதில்லை. முதுகெலும்புச் சிக்கல் என்று கருதிப் படம் எடுப்பதற்குள் பொன்னான மணித்துளிகள் கரைந்துவிடுகின்றன. 'வலித்தால் மறுபடி இறங்கு, சரியாகிவிடும்' என்ற நம்பிக்கையும் சிலரிடம் உண்டு. ஆழத்தில் குமிழி சுருங்குவதால் வலி தணிவது உண்மைதான். ஆனால் அங்கே சுவாசிக்கும் காற்றிலிருந்து மேலும் நைட்ரஜன் ஏறி, மேலே வரும்போது நோய் முற்றுகிறது.

செய்ய வேண்டியவை எட்டாதவை அல்ல. முதலாவது, முக்குளிப்போர் உள்ள ஒவ்வொரு கடற்கரையின் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் 108 ஊர்தியிலும் பணியாற்றுவோர் இந்நோயை அடையாளம் காணப் பழக வேண்டும். நோயாளியைப் படுக்கவைத்து, இடைவிடாமல் தூய ஆக்சிஜன் தருவதே முதலுதவி. வானூர்தியில் ஏற்ற நேர்ந்தால் அது தாழப் பறக்க வேண்டும். உயரம் கூடக் கூடக் குமிழி பெரிதாகும். இரண்டாவது, எந்நேரமும் முக்குளிப்போரை ஏற்கும் அழுத்த அறைகள் எவை என்ற பட்டியலை அரசு வெளியிட்டு, ஒவ்வொரு படகிலும் அந்தத் தொலைபேசி எண் இருக்கச் செய்ய வேண்டும். மூன்றாவது, மும்பையில் அஸ்வினி கடற்படை மருத்துவமனையை ஒட்டி, இத்துறைக்கெனக் கடற்படை மருத்துவ நிறுவனமே இயங்குகிறது. அந்த அறிவும் கடற்படையின் அறைகளும் குடிமக்களின் அவசரத்துக்கும் தயக்கமின்றிப் பயன்பட எழுத்துபூர்வமான ஏற்பாடு வேண்டும். நான்காவது, மன்னார் வளைகுடாக் கரையில் அரசு மருத்துவமனை ஒன்றுடன் இணைந்து, 24 மணி நேரமும் இயங்கும் அழுத்த அறை உறுதி செய்யப்பட வேண்டும். முக்குளிப்போர் வராத நாள்களில் நீரிழிவுப் புண், கரிப்புகை நச்சு போன்றவற்றுக்கு அது பயன்படும். ஐந்தாவது, சிகிச்சைச் செலவு முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்திலும், முடமானவர்க்கான இழப்பீடு மீனவர் நல வாரியத்திலும் ஐயத்துக்கு இடமின்றி இடம்பெற வேண்டும்.

இவற்றுடன் ஆழமானியும் கடிகாரமும் பயிற்சியும் சேர்ந்தால், அறைக்கு வருவோர் எண்ணிக்கையே குறையும். வருமுன் காப்பதே முதன்மை. ஆனால் பாதுகாப்பு விதிகளை முழுமையாகப் பின்பற்றியவர்களுக்கும் இந்நோய் சில வேளை வருவதுண்டு என்பதால், அறை வேண்டாம் என்று ஆகிவிடாது. ஆண்டுக்கு எத்தனை பேர் வருவார்கள் என்று கணக்கிட்டு அறையின் தேவையை முடிவு செய்யக் கூடாது. தீயணைப்பு நிலையத்தை நாம் அப்படிக் கணக்கிடுவதில்லை. சங்குக்கும் கடலட்டைக்கும் விலை பேசும் வணிகத்தில், அவற்றை எடுத்துத் தருபவரின் தண்டுவடத்துக்கும் ஒரு பாதுகாப்பு இருக்க வேண்டும். அதை உறுதிசெய்வது அரசின் பொறுப்பு.