ஒலிஒளி ஊடக மீதரவு

ஒலிஒளி ஊடக மீதரவு என்பது திரைப்படம், ஒலிப்பதிவு, நிகழ்படம் முதலியவற்றைப் பற்றிய விவரங்களை ஒழுங்குபடுத்தித் தரும் தரவு ஆகும். சுருக்கமாக, இதனைத் தரவைப் பற்றிய தரவு எனலாம். நூலுக்குத் தலைப்புப் பக்கம் உண்டு. புரட்டிப் பார்த்தால் பொருள் விளங்கும். படச்சுருளையோ ஒலிநாடாவையோ இயக்கினாலன்றி உள்ளடக்கம் தெரியாது. இயக்கிய பின்னரும் ஆண்டு, இடம், உரிமையாளர் ஆகியவை தெரியாமல் போகலாம்.

வகைகள்

* விவரிப்பு மீதரவு: தலைப்பு, படைத்தவர், நாள், மொழி, பொருள்.
* கட்டமைப்பு மீதரவு: பகுதிகளின் வரிசையும் அவற்றுக்கு இடையேயுள்ள தொடர்பும்.
* நிருவாக மீதரவு: கோப்பு வடிவம், எண்ணிமமாக்கிய நாள், உரிமை.

எடுத்துக்காட்டு

மதுரையில் 1916 இல் பிறந்த எம். எஸ். சுப்புலட்சுமி நடித்த மீரா திரைப்படம் 1945 இல் தமிழில் வெளியானது. இந்தி வடிவம் 1947 இல் வெளிவந்தது. இரண்டையும் இயக்கியவர் எல்லிஸ் ஆர். டங்கன். பி. சி. ஸ்ரீராம் இயக்கத்தில் 1992 இல் வெளியான மற்றொரு தமிழ்ப் படத்தின் பெயரும் மீரா என்பதே. ஆகவே தலைப்பு மட்டும் படத்தை அடையாளம் காட்டப் போதாது. ஆண்டும் இயக்குநர் பெயரும் வேண்டும்.

இந்நிலையில் விவரங்களை நான்கு படிநிலைகளாகப் பிரிப்பது வழக்கம். மீரா என்பது படைப்பு. தமிழும் இந்தியும் அதன் வடிவங்கள். படச்சுருள், குறுந்தகடு போன்றவை வெளியீடுகள். காப்பகத்தில் உள்ள ஒரு குறிப்பிட்ட சுருள் பிரதி ஆகும். "காற்றினிலே வரும் கீதம்" என்னும் பாடல் தனிப் படைப்பாகப் பதியப்பட்டு, "பகுதி" என்னும் உறவால் படத்துடன் இணைக்கப்படும். பாடலை எழுதிய கல்கி, இசையமைத்த எஸ். வி. வெங்கட்ராமன், பாடிய சுப்புலட்சுமி ஆகியோர் வெவ்வேறு உறவுகளால் அதனுடன் இணைவர்.

பெயர்ச் சிக்கல்

தமிழ்ப் பெயர்களில் முன்னெழுத்துகளின் பொருள் ஆளுக்கு ஆள் வேறுபடும். எம். எஸ். என்பதில் முதலெழுத்து மதுரையையும், இரண்டாவது தாயார் சண்முகவடிவையும் குறிக்கும். மதுரையிலேயே பிறந்த டி. எம். சௌந்தரராஜனுக்கோ முதலெழுத்து தொகுளுவா என்னும் குடும்பப் பெயர். அடுத்தது தந்தை பெயர். சுப்புலட்சுமி, சுப்புலக்ஷ்மி என எழுத்து வேறுபாடும் உண்டு. எனவே ஒருவருக்கு ஒரே அடையாள எண் அளித்து, பெயர் வேறுபாடுகள் அனைத்தையும் அதனுடன் இணைப்பதே சிறந்த முறையாகும்.

சீர்தரங்கள்

1995 இல் தோன்றிய டப்ளின் கோர் 15 அடிப்படைக் கூறுகளைக் கொண்டது; அவற்றுள் "உறவு" என்பதும் ஒன்று. எம்பெக்-7 பதிவினுள் உள்ள காட்சிகளையும் ஒலிகளையும் நேரத்தோடு விவரிக்க உதவுகிறது. ஐ.எஸ்.ஆர்.சி. ஒவ்வொரு ஒலிப்பதிவுக்கும் 12 எழுத்தெண்கள் கொண்ட குறியீட்டை வழங்குகிறது.

முக்கியத்துவம்

1931 இல் வெளியான காளிதாஸ் முதல் தமிழ்ப் பேசும் படமாகக் கருதப்படுகிறது. அதன் படச்சுருள் எதுவும் எஞ்சியதாக அறியப்படவில்லை. விளம்பரங்கள், இதழ்க் குறிப்புகள் ஆகியவற்றின் வாயிலாகவே அப்படத்தை இன்று அறிகிறோம். படம் அழிந்தும் அதைப் பற்றிய விவரம் நிலைத்துள்ளது. மாறாக, விவரம் எதுவும் எழுதப்படாத ஒலிநாடா அழியாமல் இருந்தாலும், தேடுவோருக்கு அது இல்லாததற்கு ஒப்பாகும்.