மூட்டையின் எடை ஒன்றுதான்!

லாரியிலிருந்து 50 கிலோ சர்க்கரை மூட்டை இறங்கும்போது நாம் தினமும் பார்க்கும் காட்சி இது. பழகிய சுமைதூக்கும் தொழிலாளி பேசிக்கொண்டே தோளில் ஏற்றி நடப்பார். நேற்று வேலைக்குச் சேர்ந்த பையன் அதே மூட்டைக்கு மூச்சு வாங்குவான். எடை ஒன்றுதான், பழக்கம்தான் வேறு.

விளையாட்டுத் திடலிலும் இதே கணக்குதான். நாளெல்லாம் கல்லாவில் உட்காரும் நம் உறுப்பினர்கள் சிலர், கடை திறக்குமுன் வாலிபால் ஆடத் தொடங்கியிருப்பது மகிழ்ச்சிக்குரியது. ஆனால் ஆட்டம் முடிந்ததும், பள்ளி நாட்களில் ஆடியவர் "இதெல்லாம் ஒரு ஆட்டமா?" என்கிறார். முதன்முறை ஆடியவரோ "நமக்கு ஒத்துவராது" என்று மறுநாள் வருவதில்லை.

காரணம் எளிது. வாலிபாலில் பக்கத்துக்கு ஆறு பேர். ஒரு பக்கத்துத் திடல் 9 மீட்டர் நீளம், 9 மீட்டர் அகலம். பழகியவர் எதிராளியின் தோள் திரும்புவதைப் பார்த்தே பந்து விழும் இடத்துக்கு நகர்ந்துவிடுவார். புதியவர் பந்து வந்த பிறகே ஓடுவார்; வீணாகக் குதிப்பார். அவர் சோம்பேறி அல்ல. உண்மையிலேயே அதிகம் உழைக்கிறார்.

சுவீடன் நாட்டு உளவியல் அறிஞர் குன்னர் போர்க், 1960களில் இந்தச் சிரமத்தை அளக்க 6 முதல் 20 வரை ஓர் அளவுகோல் வகுத்தார். 6 என்றால் சிரமமே இல்லை. 20 என்றால் இனி முடியாது. சொல்லும் எண்ணைப் பத்தால் பெருக்கினால் நாடித்துடிப்பு ஏறத்தாழத் தெரியும் என்பது அவர் கணக்கு. ஆயினும் ஒரே துடிப்பில் இருவர் வெவ்வேறு எண் சொல்லக்கூடும்.

இங்கேதான் பழைய ஆட்டக்காரர் ஏமாறுகிறார். கை பழக்கத்தை மறப்பதில்லை. ஆனால் இதயமும் குதிகால் தசைநாரும் இருபது ஆண்டுகள் கல்லாவில் உட்கார்ந்தவை! கையால் தூக்கிப் பார்த்து எடை சொல்லி நாம் சரக்கு கொடுப்பதுண்டா? தராசில் அல்லவா வைக்கிறோம்? உடம்புக்கும் தராசு உண்டு. ஆட்டத்தை நிறுத்தியதும் 15 விநாடி நாடியை எண்ணி நான்கால் பெருக்குங்கள். ஒரு முழு வாக்கியம் மூச்சு விடாமல் பேச முடியவில்லை என்றால் சற்று உட்காருங்கள்.

புதியவர்களுக்கு முதல் மாதம் குறைந்த நேர ஆட்டம் போதும். பழகியவரும் புதியவரும் கலந்தே அணி பிரியுங்கள், கேலி வேண்டாம். நாற்பதைக் கடந்தவர்களும் இரத்த அழுத்தம், சர்க்கரை நோய் உள்ளவர்களும் மருத்துவரைக் கேட்டே தொடங்குங்கள். நெஞ்சில் இறுக்கம், இடது கையிலோ தாடையிலோ வலி, தலைசுற்றல் வந்தால் அந்தப் புள்ளி முடியும்வரைகூடக் காத்திராமல் மருத்துவமனைக்கு விரையுங்கள்.

ஆட்டத்தில் தோற்றால் நாளை ஜெயிக்கலாம். நம்மை நம்பிக் கடையும் குடும்பமும் காத்திருக்கின்றன. அளந்து ஆடுவோம், விடாமல் ஆடுவோம்!