சமையலறைப் பெட்டியின் மூட்டுகள்

மரத்தூளையும் சிம்புகளையும் பிசினில் பிசைந்து, உஷ்ணத்தாலும் அழுத்தத்தாலும் பலகையாக்கி, அதன் இரு முகங்களிலும் மெலமைன் பிசின் ஊறிய காகிதத்தைப் பதிக்கும் விதத்தைச் சென்ற வாரம் விவரித்தோம். தூத்துக்குடியிலிருந்து திருநெல்வேலி செல்லும் சாலையில் உள்ள நமது புதுக்கோட்டையில், உப்புக்காற்று நித்தம் உள்ளே வந்து போகும் ஒரு சமையலறையில், அத்தகைய பலகைகள் பெட்டியாகி நெடுங்காலம் ஸ்திரமாக நிற்க வேண்டுமானால் அவற்றை எவ்விதம் பூட்டுவது என்பதே இவ்வாரத்து விஷயம்.

தேக்கிலும் வேம்பிலும் கழுந்தைச் செதுக்கித் துளையில் இறக்கிப் பழகிய ஆசாரியின் கைக்கு இப்பலகை முதலில் ஏமாற்றத்தையே தரும். ஏனெனில் மரத்தின் மூட்டைத் தாங்குவது அதன் நீண்ட நார், இதிலோ நார் என்பதே இல்லை. முகப்பரப்பு இறுகியும் நடுப்பகுதி தளர்ந்தும் இருப்பது இதன் சுபாவமாதலால், ஓரத்தில் சாதாரண ஆணியையோ திருகையோ செலுத்தினால் துகள் உதிர்ந்து பிடிப்பு விட்டுப் போகும். வெள்ளைப் பசையும் மெலமைன் முகத்தில் பற்றாது. ஆகையால் பசையை நம்புகிறவர்கள் பக்கப்பலகையில் 3 மி.மீ. ஆழத்துக்குக் காடி எடுத்து, மேல்தோலை நீக்கி, அடித்தட்டின் ஓரத்தை அதில் அமர்த்துகிறார்கள். பசை அப்போது துகளோடு துகளைச் சேர்க்கிறது, தட்டும் கீழே நழுவாது.

பசையின்றியே காரியம் முடிப்பது கன்ஃபர்மட் திருகு. தடித்த நடுத்தண்டும் அகன்ற ஆழமான மரையும் கொண்ட இதில் 7 மி.மீ. கனமும் 50 மி.மீ. நீளமும் உள்ளதே வழக்கமானது. வெளிப்பலகையில் 7 மி.மீ., உள்பலகையின் ஓரத்தில் 5 மி.மீ. என இருவகைத் துளைகளை நேராக இட்ட பின்னரே இதைச் செலுத்த வேண்டும். துளையில் சோம்பினால் பலகை பிளந்துவிடும். கழற்றி வேறு வீட்டுக்குக் கொண்டுபோக நினைப்பவர்களுக்கு மினிஃபிக்ஸ் என்னும் பூட்டும், அதனுடன் 8 மி.மீ. மரக்குச்சிகளும் உத்தமம். இழுத்துப் பூட்டுவது மினிஃபிக்ஸ், நிலை பிசகாமல் காப்பது குச்சி.

ஆயினும் இக்கரையோரத்தில் திருகைவிட எனக்கு அதிகக் கவலை அளிப்பது ஈரமே. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. மழை கொட்டி, இம்மாவட்டத்து வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்ததை நாம் மறக்கவில்லை. இப்பலகை ஒருமுறை நீர் குடித்து ஊதினால் பழைய கனத்துக்குத் திரும்புவதில்லை; திருகின் பிடிப்பும் அத்துடன் போயிற்று. ஆதலால் கண்ணுக்குத் தெரியாத பின்புறம், அடிப்புறம் உட்பட வெட்டிய ஓரம் ஒவ்வொன்றுக்கும் பி.வி.சி. பட்டை ஒட்டுவதும், குழாய்க்காகத் துளைத்த இடத்தைச் சிலிகானால் அடைப்பதும், பெட்டியைத் தரையில் வைக்காமல் 100 மி.மீ. உயரமுள்ள பிளாஸ்டிக் கால்களில் நிறுத்துவதும் அவசியம். பாத்திரம் கழுவும் தொட்டியின் கீழ்ப்பெட்டிக்கு மட்டும் மெலமைன் பலகையை விடுத்து, ஐ.எஸ். 710 முத்திரையுள்ள மரைன் பிளைவுட்டைக் கேட்டு வாங்குங்கள். செலவு சற்றுக் கூடினாலும் தயங்க வேண்டாம்.

(தொடரும்)