பாதம் எங்கே முடிகிறது? கோர்ட்டுக்குப் போன கேள்வி தெரியுமா?

பாதம் எதுவரை என்று கேட்டால் சின்னக் குழந்தைகூடத் தொட்டுக் காட்டிவிடும். ஆனால் அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில் இந்தக் கேள்வி வருஷக்கணக்கில் கோர்ட் ஏறி இறங்கியது தெரியுமா? அங்கே பாத மருத்துவர்களான போடியாட்ரிஸ்ட்டுகளுக்குத் தனி லைசென்ஸ். பாதத்துக்குத்தான் வைத்தியம் பார்க்கலாம் என்பது சட்டம். 2001-இல் அவர்களுடைய வாரியம், ‘கணுக்காலும் பாதத்தில் சேர்த்திதான்’ என்று விதி எழுதிவிட்டது. விடுவார்களா எலும்பு மருத்துவர்கள்? வழக்குப் போட்டார்கள். 2008-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த விதி செல்லாது என்று தீர்ப்புச் சொன்னது!

நியூயார்க்கில் கதையே வேறு. 2014 முதல், கூடுதல் பயிற்சியும் தனி அனுமதியும் பெற்ற பாத மருத்துவர் கணுக்காலிலும் அறுவை செய்யலாம். நாலு வருஷக் கல்லூரி, பிறகு மூன்று வருஷ மருத்துவமனைப் பயிற்சி என்று படிப்பு எல்லோருக்கும் ஒன்றே. மாநில எல்லையைத் தாண்டினால் கத்தி வைக்கும் எல்லையும் மாறுகிறது!

சரி, இதேபோல் மாநிலத்துக்கு மாநிலம் சட்டம் மாறும் இன்னொரு பணிக்கு வருவோம். டாக்டருக்குத் துணையாக நோயாளியைப் பரிசோதித்து மருந்தும் எழுதித் தரும் ‘பிசிஷியன் அசிஸ்டென்ட்’ எப்படிப் பிறந்தார் தெரியுமா? 1965-இல் டியூக் பல்கலைக்கழகத்தில் யூஜின் ஸ்டெட் என்ற மருத்துவப் பேராசிரியர், கடற்படையில் மருத்துவ உதவியாளர்களாக இருந்த நாலு பேரைச் சேர்த்துப் படிப்பைத் தொடங்கினார். டாக்டர் பற்றாக்குறை ஒருபக்கம், படையில் தேர்ந்த கைகள் வேலையில்லாமல் மறுபக்கம். இரண்டையும் இணைத்தாரே, அது பெரிய மனசு! 1967-இல் மூன்று பேர் பட்டம் பெற்று வெளியே வந்தார்கள்.

சட்டமோ ஆடி அசைந்துதான் வந்தது. தகுதித் தேர்வு நாடு முழுக்க ஒன்றே. லைசென்ஸ் கொடுப்பதோ ஒவ்வொரு மாநிலமும் தனித்தனியாக. கடைசியாக லைசென்ஸ் கொடுத்த மிசிசிப்பி, அதைக் கொடுத்தது 2000-இல்! இண்டியானாவில் மருந்துச் சீட்டு எழுதும் உரிமை கிடைக்க 2007 ஆகிவிட்டது!

நம் சென்னைக்கும் இதில் பங்குண்டு. இந்தியாவில் இந்தப் படிப்பை 1992-இல் இங்கே தொடங்கி வைத்தவர் இதய அறுவை நிபுணர் கே.எம். செரியன். அந்தப் பணியைச் சட்டப் பட்டியலில் சேர்த்த மத்தியச் சட்டம் வந்தது 2021-இல்தான்.

மறுபடி பாதத்துக்கே வருவோம். அமெரிக்காவில் பிள்ளைகளோடு தங்கப் போகும் பெற்றோரே, சர்க்கரை நோயால் பாதத்தில் புண் என்றால் அங்கே போடியாட்ரிஸ்ட்டிடம்தான் பெரும்பாலும் அனுப்புவார்கள். நீங்கள் தங்கும் மாநிலத்தில் லைசென்ஸ் தரும் அமைப்பின் இணையதளத்தில் அவர் பெயரைத் தட்டினால் லைசென்ஸ் நடப்பில் இருக்கிறதா என்று காசில்லாமல் தெரிந்துவிடும். பார்த்துவிட்டே போங்கள்.